பழைய குளிர்பதன வாயு: விடுவதா, மீட்பதா?

காரின் ஏ.சி.யைப் பழுதுபார்க்குமுன் அதிலுள்ள குளிர்பதன வாயுவை வெளியேற்ற வேண்டும். வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிடுதல் எளிது, செலவுமில்லை. அதனால் விளையும் கேடு யாது?

பழைய கார்களில் இருந்தது ஆர்-12. இவ்வகை வாயுக்களிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974இல் மொலினா, ரோலண்ட் ஆகிய இருவரும் எடுத்துரைத்தனர். 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும், நூறாண்டுக் கணக்கில், புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவினும் 1,300 மடங்கிற்குக் குறையாத வலிமையுடையது. ஒரு காரில் ஏறத்தாழ அரை கிலோ உண்டு. அதனை வெளியே விடுதல் 650 கிலோ கரியமில வாயுவை விடுவதற்கு ஒப்பாகும்.

மாற்று வழி யாது? மீட்புக் கருவி வாயுவை உறிஞ்சி, எண்ணெயையும் ஈரத்தையும் பிரித்துத் தூய்மையாக்கி, மீண்டும் பயன்படத் தருகிறது. இருவகை வாயுக்கள் கலந்துவிட்டால் பட்டறையில் இவ்வாறு புதுப்பித்தல் இயலாது. கசிவை அடைக்காமல் புதுவாயு நிரப்புவதும் காற்றில் விடுவதற்கே சமம். அமெரிக்காவில் ஆர்-12ஐ வெளியே விடுதல் 1992 முதலும், ஆர்-134ஏவை விடுதல் 1995 முதலும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன.

கண்ணுக்குப் புலப்படாததாகையால் எவரும் கேட்பதில்லை. காரைப் பட்டறையில் விடும்போது, “மீட்புக் கருவி உள்ளதா?” என்று நாம் கேட்போமாக.