கடலடியில் மூச்சு

நுழையும்முன்

முத்தும் சங்கும் எடுக்க மூச்சடக்கிக் கடலில் மூழ்கிய மரபு தமிழருடையது. இன்று கடலடியில் கிடக்கும் வரலாற்றைத் தேடுவோர் மூச்சை அடக்காமல் மூழ்கக் கற்கின்றனர். அவர்களுக்குக் காற்றைத் தருவது கருவி. உயிரைக் காப்பது பயிற்சி.

காஞ்சியும் கடலும்

பெரிய காஞ்சிபுரத்தின் மேற்கெல்லையில் அமைந்துள்ள கைலாசநாதர் கோயிலை எழுப்பியவன் பல்லவ மன்னன் இராசசிம்மன். மாமல்லபுரத்தில் அலையோரம் நிற்கும் கடற்கரைக் கோயிலும் அவன் காலத்ததே. காஞ்சி பல்லவரின் தலைநகர். மாமல்லை அவர்தம் துறைமுகம். ஆதலால், மாமல்லைக் கடலடியை ஆராய்வது காஞ்சியின் வரலாற்றை ஆராய்வதும் ஆகும்.

மாமல்லையில் கோயில்கள் பல கடலுள் மூழ்கின என்னும் செவிவழிச் செய்தி நெடுநாள் வழங்கிவந்தது. வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1788ஆம் ஆண்டு வெளியான தம் கட்டுரையில் அதனைப் பதிவுசெய்தார். 2002ஆம் ஆண்டு, கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் இங்கிலாந்துக் குழுவொன்றுடன் இணைந்து அப்பகுதியில் மூழ்கி ஆராய்ந்தனர். 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்ப்பகுதிகளும் செதுக்கப்பட்ட கற்களும் சிதறிக் கிடந்தன. அவை பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். 2001இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொல்லியல் துறையின் நீரடித் தொல்லியல் பிரிவும் அங்கு ஆய்வு மேற்கொண்டது.

இருவகை மூழ்குதல்

கொற்கை முத்து உலகப் புகழ் பெற்றது. அதனை எடுத்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின் துணையால் விரைந்து கீழிறங்கினர். நீர்மேல் இழுத்த ஒரு மூச்சு தீருமுன் மேலேறினர். மூச்சடக்கும் ஆற்றலே அவர்தம் தொழில்திறன்.

1943ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் புதியதொரு சுவாசக் கருவியை உருவாக்கினர். மூழ்குபவர் முதுகில் சுமக்கும் உருளையில் காற்று மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். ரெகுலேட்டர் என்னும் சீராக்கி, அவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ப, மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றை வழங்கும். இத்தகைய கருவிகளைக் கொண்டு மூழ்குவதே இன்று ஸ்கூபா எனப்படுகிறது.

மூச்சை ஏன் அடக்கக் கூடாது?

கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடல்மீதான அழுத்தம் இருமடங்காகிறது. சங்கு குளிப்பவர் மேலிருந்து கொண்டுசென்ற காற்று அங்கே சுருங்குகிறது; மேலேறும்போது பழைய அளவுக்கே விரிகிறது. ஸ்கூபாவில் மூழ்குபவரோ அந்த ஆழத்திலேயே நுரையீரலை நிரப்பிக்கொள்கிறார். அவர் மூச்சை அடக்கியபடி மேலேறினால், 5 லிட்டர் காற்று நீர்மட்டத்தில் 10 லிட்டராக விரிய முயலும், நுரையீரல் கிழியும். எனவே, இடைவிடாது மூச்சு விடுக என்பதே பயிற்சியின் முதல் விதி. அழுத்த மாறுபாட்டின் விகிதம் நீர்மட்டத்தை அடுத்த பகுதியில்தான் மிகுதி. ஆகவே, மாமல்லையின் 8 மீட்டர் ஆழத்திலும் கவனக்குறைவு உயிரைப் பறிக்கும்.

பயிற்சியும் கருவிகளும்

மருத்துவத் தகுதி பெற்ற மாணவர் முதலில் பாடத்தையும், பிறகு நீச்சல் குளத்தில் பயிற்சியையும், அதன்பின் கடலில் மூழ்குதலையும் கற்கிறார். தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவருக்குப் பொதுவாக 18 மீட்டர் வரையே எல்லை.

கண்ணாடி முகமூடி, காலில் அணியும் துடுப்பு, உருளை, சீராக்கி, எடைப்பட்டை, காற்றடைத்த மிதவை அங்கி, காற்றின் இருப்பைக் காட்டும் அளவி ஆகியன அடிப்படைக் கருவிகள். முகமூடியில் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுதல், வாயிலிருந்து நழுவிய சீராக்கியைத் தேடிப் பொருத்துதல், காற்று தீர்ந்த துணைவருக்குத் தம் காற்றைப் பகிர்தல் ஆகியவை அச்சமின்றிச் செய்யும் வரை திரும்பத் திரும்பப் பழக்கப்படும். எவரும் தனியே மூழ்குவதில்லை; இருவர் இணைந்தே செல்வர். நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் மெதுவாக மேலேறுவது பொது நெறி. விரைந்து ஏறினால், உடலில் கரைந்துள்ள நைட்ரசன் குமிழிகளாகித் தீங்கு விளைவிக்கும்.

தெரிந்து தெளிவோம்
கடலடியில் பேச இயலாது; கைகளே பேசும். கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே செல்வோம்’ என்பது பொருள். விரல்களை வளையமாக்கிக் காட்டினால் ‘நலமாக உள்ளேன்’ என்பது பொருள்.

தொல்லியலுக்கு மூழ்குதல்

நீரடி ஆய்வாளருக்கு இப்பயிற்சி தொடக்கமே. மூழ்காமலும் மிதக்காமலும் நீரில் நிலைத்து நிற்க அவர் பழக வேண்டும்; கால் சற்றே தரையில் பட்டாலும் மணல் கலங்கிக் காட்சி மறையும். கிடைத்த பொருளைக் கண்டதும் எடுத்துவிடாமல், அது கிடந்த இடத்தை அளந்து, வரைந்து, படமெடுத்துப் பதிவுசெய்தல் வேண்டும். இடம் மாறிய கல்லுக்கு அதன் வரலாற்றைச் சொல்லும் வாய்ப்புக் குறைவு. நிலத்தில் அகழ்பவர்க்கு மறுநாள் உண்டு; கடலடியில் இருப்பவர்க்கோ உருளையில் எஞ்சியுள்ள காற்றே காலத்தை வரையறுக்கிறது.

கற்பவை கற்றபின்…
மூச்சடக்கி மூழ்குபவர், ஸ்கூபா கருவியுடன் மூழ்குபவர் ஆகிய இருவரின் நுரையீரலிலும் மேலேறும்போது நிகழ்வதை ஒப்பிட்டு எழுதுக.