சிண்ட்ரெல்லா கவுன்: வாடகையா, ரெடிமேடா, வீட்டுத் தையலா? ஒரு கணக்குப் பாடம்

போன வருஷம் எங்க பொண்ணு ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி வந்துச்சு. அஞ்சு வயசு. "சிண்ட்ரெல்லா கவுன்தான் வேணும்"னு ஒரே பிடிவாதம். கையில ரெண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. தொழில் புத்தி போகுமா? எக்செல் ஷீட்டைத் திறந்தேன். அந்த ஷீட் எனக்குத் தப்பான பதிலைக் கொடுத்துச்சு. அது எங்கே தப்பாச்சுங்கறதுதான் இன்னைக்குப் பாடம்.

நாலு வழி

எங்க ஏரியாவுல நான் விசாரிச்ச விலை இது:

1. வாடகை: ஒரு நாளுக்கு ₹450. டெபாசிட் ₹1,000 தனி. கறை பட்டா அதுல பிடிப்பாங்க.
2. ரெடிமேட்: ₹1,400.
3. டெய்லர்: துணி ₹500, கூலி ₹500. ஆக ₹1,000.
4. வீட்டுல தைக்கறது: துணி ₹500. மெஷின் ஏற்கெனவே இருக்கு, அம்மா கொடுத்தது.

துணிக் கணக்கு

பாவாடை நல்லா விரிஞ்சு நிக்கணும்னா இடுப்பு அளவைப் போல சுமார் 3 மடங்கு துணியைச் சுருக்கி வைக்கணும். பொண்ணுக்கு இடுப்பு 21 இன்ச். அப்போ 63 இன்ச் சுற்றளவு வேணும். சாட்டின் 44 இன்ச் அகலத்துல வருது. ஒன்றரை அகலம் எடுத்தா 66 இன்ச், போதும். நீளம் 26 இன்ச், தையலுக்கும் உள்மடிப்புக்கும் 3 இன்ச், ஆக 29. ரெண்டு துண்டுக்கு 58 இன்ச், அதாவது ஒன்றரை மீட்டர். ரெண்டாவது துண்டுல மிஞ்சுற பாதியிலேயே மேல் பகுதியும் வந்துடும். கடைக்காரர் "ரெண்டரை மீட்டர் எடுத்துக்கோங்க மேடம்"னார். அகலத்தைக் கேட்டுக் கணக்குப் போட்டதுல ஒரு மீட்டர் மிச்சம்.

- சாட்டின் ஒன்றரை மீட்டர்: ₹150
- நெட் 2 மீட்டர், மூணு அடுக்குக்கு: ₹120
- காட்டன் லைனிங் ஒன்னேகால் மீட்டர்: ₹150
- ஜிப், எலாஸ்டிக், லேஸ், நூல்: ₹80

லைனிங்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நெட் தோல்ல உரசினா குழந்தை பத்தே நிமிஷத்துல கழட்டிப் போட்டுடும். அப்புறம் மொத்தப் பணமும் வேஸ்ட். இன்னொன்னு, நெட்டும் சாட்டினும் பெரும்பாலும் செயற்கை இழை. சீக்கிரம் தீப்பிடிக்கும், உருகித் தோல்ல ஒட்டும். பிறந்தநாள் மெழுகுவர்த்தி, விளக்கு பக்கம் ஜாக்கிரதை.

ஷீட் செஞ்ச தப்பு

தைக்க 7 மணி நேரம் ஆகும்னு போட்டேன். மாசம் ₹45,000 சம்பளம், 180 மணி நேர வேலைன்னு வெச்சா மணிக்கு ₹250. 7 மணி நேரத்துக்கு ₹1,750. துணியோட சேர்த்து ₹2,250! "ரெடிமேட் வாங்கு"ன்னு ஷீட் சொல்லிடுச்சு.

இந்த ஃபார்முலாவை ஒரு காலத்துல நானே வீடியோவுல சொல்லியிருக்கேன். அதனால நானே திருத்தணும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தைக்காம இருந்தா யாராவது ₹250 தரப்போறாங்களா? இல்லை. மாசச் சம்பளக்காரருக்கு வேலை நேரத்துக்கு வெளியே சம்பளம் ஓடாது. வாய்ப்புச் செலவுன்னா, இதைச் செய்யறதுக்காக நிஜமா எதை விட்டுக்கொடுக்கறோம்ங்கறதுதான். ஃப்ரீலான்ஸ் வேலையை விட்டுட்டுத் தைச்சா அந்த வருமானத்தைச் சேருங்க. பரீட்சைக்குப் படிக்கற நேரமோ தூக்கமோ போனா அதையும் யோசிங்க. நான் விட்டது போன்ல ரீல்ஸ் பார்க்கற நேரம். அதோட மதிப்பு பூஜ்யம்.

வெட்டின துணி

மேல் பகுதியைத் தையலுக்கு அரை இன்ச் விடாம வெட்டித் தொலைச்சேன். பொண்ணுக்குப் போட்டுப் பார்த்தா மூச்சு முட்டுது. "காசு போட்டாச்சே, எப்படியாவது இழுத்துப் பிடிச்சுத் தைச்சுடலாம்"னு மனசு சொல்லுச்சு. நஷ்டத்துல இருக்கற ஷேரை விக்காம வெச்சிருக்கும்போது சொல்ற அதே மனசு! போன காசு போனதுதான். இனிமே எவ்வளவு செலவு, என்ன கிடைக்கும், இது மட்டும்தான் கேள்வி. அரை மீட்டர் சாட்டின், இன்னொரு ₹50. மொத்தம் ₹550.

அப்போ தைக்கறது லாபமா?

ஒரு நாளைக்கு மட்டும்னா இல்லை. வாடகை ₹100 குறைவு. ஆனா இந்தக் கவுனை இதுவரைக்கும் 9 தடவை போட்டுட்டா. ஒரு தடவைக்கு சுமார் ₹61. உள்மடிப்பைப் பிரிச்சு விட்டா இன்னும் ஒரு வருஷம் ஓடும். சாட்டின் ஓரம் நெட்டுக்குக் கீழே பார்டர் மாதிரி தெரியும், அதுவும் அழகுதான்.

இதைப் படிச்சுட்டு மெஷின் வாங்க ஓடாதீங்க. மெஷின் ₹9,000னு வைங்க. ரெடிமேடை விட ஒரு கவுனுக்கு மிச்சம் ₹850. போட்ட காசை எடுக்கவே 11 கவுன் தைக்கணும்.

- ஒரே நாள் தேவைன்னா வாடகை.
- பல தடவை போடணும், மெஷின் இல்லைன்னா டெய்லர்.
- பல தடவை போடணும், மெஷினும் ரெண்டு ஞாயிறும் இருக்குன்னா நீங்களே தைங்க.

நான் தைக்கும்போது பொண்ணு பக்கத்துலயே உட்கார்ந்து லேஸ் எடுத்துக் கொடுத்தா. ராத்திரி ஒரு கேள்வி கேட்டா: "அம்மா, பன்னெண்டு மணி ஆனாலும் இதைத் திருப்பிக் கொடுக்க வேணாம்ல?"

வேணாம் கண்ணு. அதுக்கு என் ஷீட்ல காலம் கிடையாது. ஆனா முடிவு எடுக்கும்போது அதையும் சேர்த்துதான் எடுக்கணும்.