முதல் கிளாசை நீட்டும் கை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் பலர் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறார்கள். சம்பள நாளில் கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "நீயும் ஆம்பளைதானேடா" என்று முதல் கிளாசை நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல அந்த வயதில் வாய் வராது.

மூளை வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகும். அதற்குள் குடித்தால் நினைவும் நிதானமும் கெடும். பழக்கமும் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். நம் மாநிலத்தில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. 18 வயது ஆகாத பிள்ளைக்குக் கொடுத்தால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல். கடைக்காரருக்கு மட்டுமல்ல, ஆசையாய் ஊற்றிக் கொடுக்கும் மாமனுக்கும் அதுதான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தாய், தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளும் அங்கே உண்டு.

அய்யா கட்டச் சொன்ன தலைப்பாகை மானத்தின் அடையாளம். பிள்ளையை ஆளாக்குவது அந்த மானமே. சம்பள நாளில் கம்பெனி வாசலுக்குப் போய்ப் பிள்ளையை அழைத்து வாருங்கள். பழகிவிட்டவனை அடிக்காதீர்கள், 14446 என்ற இலவச எண்ணில் வழி கேளுங்கள்.

அய்யா உண்டு.