அளவு எண்ணை நம்பாதீர்கள்: எப்சத்தில் சைக்ளோகிராஸ் ஃபிரேம் தேடுவோருக்கு

அப்பாவின் 22 இஞ்ச் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துக் கற்ற தலைமுறை நாம். பொருந்தாத ஃபிரேமுக்கு உடம்பை வளைத்துக் கொடுப்பது நமக்குப் பழக்கம். சைக்ளோகிராஸில் அந்தப் பழக்கம் உதவாது. சேற்றில் இறங்கி ஓட வேண்டும், வண்டியைத் தோளில் தூக்க வேண்டும், ஓடியபடியே சீட்டில் தாவி ஏற வேண்டும். அளவு தப்பிய ஃபிரேம் முதல் பத்து நிமிடத்திலேயே முதுகிலும் கழுத்திலும் தெரிந்துவிடும்.

ஆக்லாந்தின் எப்சத்தில் இருப்பவருக்கு மழைக்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரையே இந்த விளையாட்டுக்கு ஏற்ற பருவம். அதற்கு முன்பே தேடலைத் தொடங்குவது நல்லது. கடையின் அளவு அட்டவணை உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு 54 என்றோ 56 என்றோ சொல்லிவிடும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம் என்பது அதற்குத் தெரியாது. உங்கள் உடல்வாகு சராசரியில் இருந்து விலகியது என்றால், வழி இதுதான்.

1. உடலை அளந்துகொள்ளுங்கள்

செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு மேலே அழுத்துங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை உள்ளதே கால் உள்ளளவு. பலருக்கு இது உயரத்தில் 45 முதல் 47 விழுக்காட்டை ஒட்டி வரும். அதற்கு மேல் போனால் நீண்ட கால், கீழே இறங்கினால் நீண்ட உடல். கை நீளத்தையும் தோள் அகலத்தையும் குறித்து வையுங்கள்.

2. சீட் உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கால் உள்ளளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடலைத் தாங்கும் கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம் தோராயமாகக் கிடைக்கும். சைக்கிள் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. உள்ளளவு 81 செ.மீ. என்றால் சீட் உயரம் சுமார் 71.5 செ.மீ. சைக்ளோகிராஸில் தாவி ஏற வசதியாகச் சிலர் இதில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.

3. ஸ்டாக், ரீச் இரண்டையும் படியுங்கள்

பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து ஹெட் டியூபின் மேல்விளிம்பு வரை செங்குத்தாக அளந்தால் ஸ்டாக், கிடையாக அளந்தால் ரீச். ஃபிரேமில் எழுதிய 54 என்ற எண்ணுக்குப் பொது இலக்கணம் கிடையாது. சீட் டியூபை ஒருவர் நடுவிலிருந்து நடு வரை அளப்பார், இன்னொருவர் மேல்நுனி வரை அளப்பார்.

மேல் குழாயின் நீளமும் ஏமாற்றும். இரண்டு ஃபிரேம்களுக்கு ஸ்டாக் 560 மி.மீ., கிடையாகக் கணக்கிட்ட மேல் குழாய் 550 மி.மீ. என்று வையுங்கள். சீட் டியூப் கோணம் ஒன்றில் 73 பாகை, மற்றதில் 74.5. முதலாவதின் ரீச் 379, இரண்டாவதின் ரீச் 395. பெடலுக்கு ஏற்றபடி சீட்டை ஒரே இடத்தில் வைத்தால், இரண்டாவதில் கை ஒன்றரை செ.மீ. கூடுதலாக நீள வேண்டும்.

ஸ்டாக் வேறுபடும் ஃபிரேம்களை ஒப்பிடவும் ஒரு கணக்கு உண்டு. 72 பாகை ஹெட் டியூபின் மேல் 10 மி.மீ. ஸ்பேசர் வளையம் போட்டால் ஹேண்டில்பார் 9.5 மி.மீ. உயரும், 3 மி.மீ. பின்னால் வரும். ஆக, ஸ்டாக் 550, ரீச் 381 உள்ள ஃபிரேமில் 20 மி.மீ. ஸ்பேசர் வைத்தால், ஸ்டாக் 570, ரீச் 375 உள்ளதற்கு ஏறக்குறைய சமமாகிவிடும்.

4. உங்களுக்கு வேண்டிய எண்ணைக் கண்டுபிடியுங்கள்

வசதியாக ஓட்டும் சைக்கிள் ஒன்று உங்களிடம் இருந்தால் அதுவே போதும். பின்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட் வரையும் ஹேண்டில்பாரின் நடு வரையும் அளங்கள். இரண்டுக்கும் தரையிலிருந்து உள்ள உயரத்தையும் எடுங்கள். வித்தியாசங்கள்தான் உங்கள் கையின் இடம். புதிய ஃபிரேம், ஸ்பேசர், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் மூன்றும் சேர்ந்து அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். அளந்தது ரோடு சைக்கிள் என்றால் ஹேண்டில்பாரை ஒரு செ.மீ. அளவுக்கு உயர்த்தி, கொஞ்சம் அருகில் கொண்டுவாருங்கள். சைக்கிளே இல்லாதவர் பைக் ஃபிட்டர் ஒருவரிடம் காசு கொடுத்து அளந்துகொள்ளலாம். தவறான ஃபிரேமை வாங்குவதைவிட அது மலிவு.

5. உடல்வாகுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

நீண்ட கால், குறுகிய உடல்: ஸ்டாக் கூடியதாக, ரீச் குறைந்ததாகப் பாருங்கள். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்து 1.5க்கு மேல் வந்தால் நல்லது. சீட் உயரும்போது பார் தாழ்ந்து போகாமல் காப்பது ஸ்டாக்தான்.

நீண்ட உடல், குட்டைக் கால்: ரீச்சுக்காகப் பெரிய ஃபிரேம் எடுத்தால் மேல் குழாய் இடிக்கும். சரிவான மேல் குழாய் கொண்ட ஃபிரேமில் 100 அல்லது 110 மி.மீ. ஸ்டெம் போடுங்கள். நின்றால் குழாய்க்கு மேல் சில செ.மீ. இடைவெளி வேண்டும்.

மிகக் குட்டையானவர்: முன்சக்கரத்தைத் திருப்பும்போது கால்விரல் டயரில் படுகிறதா என்று சோதியுங்கள். மெதுவான வளைவுகள் நிறைந்த சைக்ளோகிராஸில் இது ஆபத்து. 165 மி.மீ. கிராங்க் உதவும். டிஸ்க் பிரேக் ஃபிரேமாக இருந்தால் சிறிய 650பி சக்கரத்துக்கும் மாறலாம். பிரேக் ரிம்மைப் பிடிக்கும் பழைய கேன்டிலீவர் ஃபிரேமில் அது எளிதல்ல.

மிக உயரமானவர்: ஸ்பேசரை அடுக்கிச் சமாளிக்காதீர்கள். கார்பன் ஃபோர்க்கில் தயாரிப்பாளர் குறித்த வரம்பைத் தாண்டவே கூடாது.

தோளில் தூக்கும்போது முக்கோணத்துக்குள் கை எளிதாக நுழைகிறதா என்பதை எல்லாருமே பார்க்க வேண்டும்.

6. எங்கே வாங்குவது

பழைய ஃபிரேமுக்கு நியூசிலாந்தில் டிரேட் மீ இணையதளம் இருக்கிறது. விற்பவரிடம் மாடலும் ஆண்டும் கேட்டு, தயாரிப்பாளரின் ஜியோமெட்ரி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ சைக்ளோகிராஸில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது 2010இல். அதற்கு முந்தைய ஃபிரேம்கள் பெரும்பாலும் கேன்டிலீவர்தான். தனியாரிடம் வாங்கும்போது 1993ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் கைகொடுக்காது, வணிகரிடம் வாங்கினால் கொடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 விழுக்காடு ஜிஎஸ்டியைக் கணக்கில் சேருங்கள். பழைய ஃபிரேமில் மண் துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது. இந்த நாட்டு உயிர்ப்பாதுகாப்புச் சோதனை அதில் கண்டிப்பானது. எந்த ஆயத்த அளவும் ஒத்துவராதவர் ஃபிரேம் கட்டுபவரிடம் செய்யச் சொல்வதுதான் கடைசி வழி. மேலே எடுத்த அளவுகளை அப்படியே அவரிடம் கொடுக்கலாம்.

7. ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஹெல்மெட் கட்டாயம், 1994 முதல் சட்டமே அப்படி. பக்கத்திலேயே கார்ன்வால் பூங்கா இருக்கிறது. அதன் சாலைகளில் ஏறி இறங்கினால் கை, முதுகு, கழுத்து மூன்றும் பதில் சொல்லும். ஆடு மாடு மேயும் புல்வெளியிலும், மாவோரிகளுக்குப் புனிதமான மாவுங்ககியேகியே குன்றின் சரிவிலும் சக்கரத்தை இறக்காதீர்கள். மண்ணில் ஓட்டிப் பார்க்க வடமேற்கே ரிவர்ஹெட் காடு இருக்கிறது.

இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே மனம் ஊசலாடினால் ரீச் சரியாக வருவதை எடுங்கள். காலின் நீளத்தைச் சீட் போஸ்ட் சமாளித்துக்கொள்ளும். உடலுக்கும் கைக்கும் ஃபிரேம்தான் பதில் சொல்ல வேண்டும்.