ஜெராக்ஸ் கைடு, வாட்ஸ்அப் நாவல், அப்பாவுக்கு ஒரு பதிவு

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். தோழி வாங்கிய கைடை நாங்கள் நான்கு பேர் முழுசாக ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறோம். நாவல்கள் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாக வருகின்றன. கனரக வாகனத் தொழிற்சாலையில் (எச்.வி.எஃப்.) வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை போய்விட்டது. அவருக்காக நாவல்களை வாசித்து ஃபோனில் பதிவு செய்கிறேன். "மூன்றுமே திருட்டுதான்" என்கிறார் அண்ணன். அப்படியா மேடம்?
- வாசகி, கோவில்பதாகை

பதில்: மூன்றையும் ஒரே பெயர் சொல்லி அழைப்பது அநியாயம், அம்மா.

முதலில் கைடு. சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் நகலெடுப்பதை, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மீறலாகக் கருதவில்லை. ஆனால் நியாயமான அளவு என்றால் எத்தனை பக்கம் என்று அதில் கணக்கு கிடையாது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து விற்றதுதான் கடை மீதான புகார். வழக்கைக் கைவிடும்படி பதிப்பகங்களுக்கு எழுதியவர்களில் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னும் ஒருவர். கற்பிக்கவும் கற்கவும் தேவையான அளவுக்கு நகலெடுக்கலாம் என்பதே 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்த நிலை. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

இந்தத் தீர்ப்பு எனக்கு நிறைவளித்த ஒன்று. ஆனாலும் உங்கள் கைடுக்கு அது குடை பிடிக்காது. அங்கே நகலானவை நூல்களின் பகுதிகள். அந்த நூல்களை எழுதிய பேராசிரியர்கள் பலருக்கு மாதச் சம்பளம் உண்டு. நீங்கள் எடுத்ததோ, கடையில் கிடைக்கும் ஒரு புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை, அதுவும் நான்கு பிரதி. தோழியின் பென்சில் கோடுகள்கூட அதில் விழுந்திருக்கும். நாலைந்து பாடம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. முழுப் புத்தகமும் வேண்டுமென்றால் பணம் போட்டு இரண்டு பிரதி வாங்கி மாற்றி மாற்றிப் படியுங்கள். தேர்வுக்கு அடிப்படையான அரசுப் பள்ளிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்து நாவல். அது யாருடையது என்று பாருங்கள். பாரதியின் எழுத்து 1949இலும் கல்கியின் எழுத்து 1999இலும் நாட்டுடைமையாயின. அவற்றைத் தயங்காமல் படியுங்கள், பகிருங்கள். நாட்டுடைமை என்றால் எழுதியவரின் குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்து நமக்கு வாங்கித் தந்த உரிமை. இன்று எழுதிக்கொண்டிருப்பவருக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை. 300 ரூபாய் நாவல் ஒன்று விற்றால், பத்து விழுக்காடு ராயல்டி என்று வைத்தால் அவர் கைக்கு 30 ரூபாய்தான் வரும். நாம் சாதாரணமாக ஃபார்வர்டு செய்வது அந்த முப்பது ரூபாயை. வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். குழுவுக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

அப்பாவுக்கான பதிவில் துளியும் தவறில்லை. உங்கள் அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: 2012இல் திருத்தப்பட்ட சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கவோ கேட்கவோ ஏற்ற வடிவில் நூல்களை மாற்றித் தர யாரையும் அனுமதிக்கிறது. பார்வை இழந்த வேறொருவர் கேட்டாலும் காசு வாங்காமல் அதே பதிவைக் கொடுக்கலாம். யூடியூபில் எல்லோருக்குமாக ஏற்றினால்தான் இந்தச் சலுகை பொருந்தாது.