விடுப்பு விண்ணப்பமும் மின்னஞ்சலும்

மேட்டூரில் தண்ணீர் திறந்து, எங்கள் பக்கம் குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். பிளஸ் டூ முடித்துப் போன மாணவி ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். "காலேஜ்லேர்ந்து ஒண்ணுமே வரலை டீச்சர். கூட அப்ளை பண்ணவங்களுக்கெல்லாம் வந்துடுச்சாம்" என்றாள். அம்மா நடவுக்குப் போயிருந்தார். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அது அப்பாவோடு வயலுக்குப் போய்விடும்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று அவளது ஜிமெயிலைத் திறக்கச் சொன்னேன். உள்பெட்டியில் இல்லை. ஸ்பேம் பெட்டியில் இருந்தது. சான்றிதழ்களை ஐந்து நாளுக்குள் பதிவேற்ற வேண்டும் என்ற கடிதம். வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தொலைபேசியில் எவ்வளவோ பேசியும் அந்த இடம் கிடைக்கவில்லை. அடுத்த சுற்றில் அவள் கேட்காத பாடப்பிரிவில்தான் சேர முடிந்தது.

"ஸ்பேமையும் பார்க்கணும்னு நீங்க யாரும் சொல்லலையே டீச்சர்" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை, அந்தக் கடிதம் ஏன் அங்கே போனது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் ஒவ்வொரு கடிதத்தின் வலது மேல் மூலையிலும் மூன்று புள்ளிகள் இருக்கும். அதில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால், மேலே ஒரு சிறிய அட்டவணை வரும்: எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க். நல்ல கடிதத்தில் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்றிருக்கும். இந்தக் கடிதத்தில் முதலாவது தேறவில்லை. மற்ற இரண்டும் இல்லவே இல்லை. ஸ்பேம் வடிகட்டி வேறு பலவற்றையும் பார்க்கும் என்றாலும், அனுப்பியவர் யாரென்றே உறுதியாகாத கடிதத்தின் மேல் அதற்குச் சந்தேகம் வருவது இயல்புதானே.

இந்த மூன்றும் என்ன என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்க நான் எடுத்துக்கொண்டது விடுப்பு விண்ணப்பத்தை. 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று எழுதி அப்பா கையெழுத்தையும் தானே போட்டுக்கொண்டு வரும் பையன் எந்த வகுப்பில்தான் இல்லை? மின்னஞ்சலும் அப்படித்தான் தொடங்கியது. அது பயணிக்கும் எஸ்.எம்.டி.பி. விதிகள் 1982இல் வகுக்கப்பட்டன. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் பயன்படுத்திய காலம் அது. அனுப்புநர் இடத்தில் யார் பெயரை எழுதினாலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

எஸ்.பி.எஃப். என்பது ஒரு பட்டியல். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு உடனே புரியும்: 'என் குழந்தையை அழைத்துப் போக இன்னின்னார்தான் வருவார்கள்' என்று பெற்றோர் எழுதிக் கொடுப்பது போல. ஒரு நிறுவனம், தன் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் எவை என்று இணையத்தின் பொதுப் பெயர்ப்பதிவேடான டி.என்.எஸ்.இல் எழுதி வைக்கிறது. எங்கள் மாணவிக்கு வந்த கடிதத்தை அனுப்பிய சர்வர் அந்தப் பட்டியலில் இல்லை. சித்தப்பாவை அனுப்பிவிட்டு, அவர் பெயரைப் பள்ளியில் சொல்ல மறந்த கதை.

டி.கே.ஐ.எம். ஒரு கையெழுத்து. அனுப்பும் சர்வர் தன்னிடமுள்ள இரகசியச் சாவியால் கடிதத்தில் ஒப்பமிடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி கடிதத்துக்குள் இருக்காது, அனுப்பியவரின் டி.என்.எஸ். பதிவில் இருக்கும். விண்ணப்பத்தில் எழுதியுள்ள எண்ணுக்கு நாம் பேசுவதில்லை அல்லவா? சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குத்தான் பேசுகிறோம். வழியில் யாராவது ஒரு வரியை மாற்றினாலும் ஒப்பம் பொருந்தாது. இதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த சோழர் செப்பேட்டில் 21 ஏடுகள். எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, அதன் மேல் புலியும் மீனும் வில்லும் பொறித்த முத்திரை. வளையத்தை வெட்டாமல் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ முடியாது. (இந்த இடத்தில் பாடம் வரலாற்றுப் பக்கம் ஓடிவிட்டது; நானும் தடுக்கவில்லை.)

டிமார்க் ஓர் அறிவுறுத்தல். மேலே சொன்ன இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும். தேறியது, கடிதத் தலைப்பில் நாம் காணும் பெயருக்கே உரியதாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை அனுப்புபவரே முன்கூட்டிச் சொல்லி வைப்பார்: விட்டுவிடு, ஸ்பேமில் போடு, திருப்பி அனுப்பு. 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளில் ஜிமெயில் கணக்குகளுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாகூவும் அதே சமயத்தில் மொத்தமாக அனுப்புவோருக்கு இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது.

வகுப்பில் நான்கு பேரை எழுப்பினேன். ஒருத்தி கல்லூரி, ஒருவன் தபால்காரர், ஒருவன் ஜிமெயில், ஒருவன் ஏமாற்றுக்காரன். கரும்பலகைதான் டி.என்.எஸ். பதிவேடு. ஜிமெயிலாக நின்றவன் ஒவ்வொரு கடிதத்துக்கும் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். இரண்டாவது சுற்றில் ஏமாற்றுக்காரன் எனக்கே தோன்றாத ஒன்றைச் செய்தான். கல்லூரியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அந்தப் புதுப் பெயருக்குக் கரும்பலகையில் தனியாகப் பட்டியல் எழுதிக்கொண்டான். மூன்றிலும் 'பாஸ்'! வகுப்பே கைதட்டியது.

அவன் செய்தது உண்மையில் நடப்பதே. அதே மாணவியின் உள்பெட்டியில் வேறொரு கடிதம் இருந்தது: உதவித்தொகை ஒதுக்கப்பட்டுள்ளது, பதிவுக் கட்டணம் 499 ரூபாய் கட்டவும். மூன்று சோதனையிலும் தேறிய கடிதம் அது! கடிதம் இந்தப் பெயரிலிருந்துதான் வந்தது என்று மட்டுமே இந்தச் சோதனைகள் சொல்லும். அந்தப் பெயர்க்காரர் நல்லவரா என்று சொல்லாது. அதனால் அனுப்புநர் பெயரை விட்டு, '@' குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்தெழுத்தாகப் படிக்கப் பழக்குகிறேன். அரசு அலுவலக முகவரிகள் பெரும்பாலும் 'ஜி.ஓ.வி. டாட் இன்' அல்லது 'என்.ஐ.சி. டாட் இன்' என்று முடியும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது தேர்வு முடிவு வந்த வாரமே பிளஸ் டூ முடித்தவர்களை ஆய்வகத்துக்கு வரச் சொல்கிறேன். விண்ணப்பித்த இடங்களின் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்க்கிறார்கள். வாரம் இருமுறை ஸ்பேம் பெட்டியைப் பார்க்கிறார்கள். தேவையான கடிதம் அங்கே கிடந்தால் 'நாட் ஸ்பேம்' அழுத்துகிறார்கள். 30 நாளில் அந்தப் பெட்டி தானாகவே காலியாகிவிடும் என்பது பலருக்குப் புதுச் செய்தி. கைபேசி அப்பாவிடம் இருக்கும் பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கரை வரை ஆய்வகம் திறந்திருக்கும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறோம். சென்ற முறை வந்தவர்கள் பதினொரு பேர்.