யார் பெயரில், யார் கையில்: சைபர் பாதுகாப்பை மில் போர்டுக்கு விளக்கும் முறை

குஜிலியம்பாறை, வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் போர்டு கூட்டம் என்றால் முதலில் பஞ்சு விலை, பிறகு மின்கட்டணம், பிறகு ஆள் பற்றாக்குறை. எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசிப் பதினைந்து நிமிடம் கணினிப் பாதுகாப்புக்குக் கிடைக்கும். அந்த நேரத்தில் ஐடி பொறுப்பாளரோ அக்கவுன்ட்ஸ் மேனேஜரோ எழுந்து ஃபயர்வால் எந்தக் கம்பெனி, ஆன்டிவைரஸ் புதுப்பிக்க எவ்வளவு என்று சொல்வார். இயக்குநர்கள் தொகையைப் பார்த்து ஒப்புதல் தருவார்கள். ஆனால் கம்பெனிக்கு ஆபத்து எந்த வழியாக வரும், அதில் தங்கள் பங்கு என்ன என்பது ஒருவருக்கும் புரிந்திருக்காது. அந்தப் பதினைந்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் சொல்லப் போகிறவருக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. அடிப்படை ஒன்றுதான்: கணினிக்கு ஆளைத் தெரியாது, பெயரும் கடவுச்சொல்லும்தான் தெரியும். ஆகவே யார் பெயரில் என்ன அதிகாரம் இருக்கிறது, அந்தப் பெயர் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பதே பாதுகாப்பின் மையம். அதை முடிவு செய்ய வேண்டியது போர்டு.

பேச்சைத் தொழில்நுட்பத்தில் தொடங்காதீர்கள். இயக்குநர்கள் பல வருடங்களாகச் செய்துவரும் ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். வங்கியில் கணக்கு தொடங்கும்போது காசோலையில் யார் கையெழுத்திடலாம், தனியாகவா இருவர் சேர்ந்தா, எவ்வளவு தொகை வரை என்று போர்டு தீர்மானம் போடுகிறது. ஓர் இயக்குநர் விலகினால் அந்த வாரமே வங்கிக்குக் கடிதம் போகிறது, புதியவரின் மாதிரிக் கையெழுத்து சேர்கிறது. இதை யாரும் குமாஸ்தா வேலை என்று ஒதுக்குவதில்லை. இன்று காசோலை குறைந்து, பணம் நெட் பேங்கிங் லாகினில் போகிறது. வரிக் கணக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனில் போகிறது. கையெழுத்து இடம் மாறிவிட்டது, தீர்மானம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. இதைச் சொல்லிவிட்டால் அதன் பிறகு நீங்கள் கேட்கப் போவது எதுவும் அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

அடுத்து ஆதாரம். அமெரிக்க உதாரணங்களைத் தேடிப் போகும் முன் நம் மாநிலத்திலேயே ஒன்று இருக்கிறது. 2018 பிப்ரவரி 7-ஆம் தேதி, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் கணக்கு ஒத்துப்பார்க்கும்போது, வங்கி அனுப்பாத மூன்று வெளிநாட்டுப் பணமாற்றங்கள் தெரியவந்தன. துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். துபாய்க்குப் போனது நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டது. இது சர்வதேச சைபர் குற்றவாளிகளின் வேலை, ஊழியர்கள் யாரும் உடந்தை என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வங்கி அறிவித்தது. அதே மாதம் 14-ஆம் தேதி பஞ்சாப் நேஷனல் வங்கி, தன் மும்பைக் கிளை ஒன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி நடந்திருப்பதாகப் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. அங்கே உத்தரவாதக் கடிதங்கள் வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியாக வெளிநாட்டுக்குப் போயிருந்தன, வங்கியின் மையக் கணக்கில் பதிவாகவே இல்லை. உள்ளே இருந்தவர்களின் உதவியோடு நடந்தது என்பது குற்றச்சாட்டு.

இந்த இரண்டையும் போர்டு முன் அருகருகே வையுங்கள். ஒன்றில் வெளியாள், மற்றதில் உள்ளாள். ஆனால் எதிர்முனையில் இருந்த வங்கிக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன: உரிய வங்கியிடமிருந்து, உரிய வழியில் வந்த செல்லுபடியான உத்தரவு. ஒன்றை மறுநாள் காலைக் கணக்குச் சரிபார்ப்பு காட்டிக்கொடுத்தது. மற்றதில் உத்தரவு போன இடமும் கணக்கு எழுதும் இடமும் இணைக்கப்படாததால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. போர்டு பிடித்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: உத்தரவு போடும் பெயர் உரியவர் கையில் இருக்க வேண்டும், அந்த உத்தரவை இன்னொரு கண் தனியாகப் பார்க்க வேண்டும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, இந்த வழிகாட்டியில் அதிக உழைப்பு கேட்பதும் அதுதான். ஒரே தாளில் அதிகாரப் பதிவேடு ஒன்று தயாரியுங்கள். இடப்பக்கம் அதிகாரங்கள்: நெட் பேங்கிங்கில் பணம் போடும் மேக்கர், ஒப்புதல் தரும் செக்கர், ஜிஎஸ்டி, இ-வே பில், வருமான வரி, பிஎஃப் தளங்கள், இயக்குநர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள், டேலியின் அட்மின், கம்பெனி ஈமெயிலின் அட்மின், வெளியூரிலிருந்து சர்வருக்குள் வரும் வழி, மெஷின் சர்வீஸ் ஆட்கள் தூரத்திலிருந்து இயக்க வைத்துவிட்டுப் போன எனிடெஸ்க். எதிரே நான்கு கட்டங்கள்: யார் பெயரில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, ஓடிபி எந்த போனுக்கு வருகிறது, அவர் வேலையை விட்டால் யார் மூடுவார்.

முதல் இரண்டு கட்டங்களும் ஒத்துப்போகாத வரிகளைச் சிவப்பில் காட்டுங்கள். எம்.டி.யின் டோக்கன் அக்கவுன்ட்ஸ் மேஜை டிராயரில், பின் நம்பர் துண்டுச் சீட்டில் எழுதி அதன் மேலேயே ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றி இருக்கும். மேக்கரும் செக்கரும் ஒரே கணினியில் அடுத்தடுத்த பிரவுசர்களில் திறந்திருக்கும். ஓடிபி முதலாளி போனுக்கு வரும், அவர் தறி பார்ட்டியோடு பேசிக்கொண்டே ஆறு எண்ணையும் போனில் படித்துச் சொல்வார். ஜிஎஸ்டி கடவுச்சொல் ஆடிட்டர் ஆபீஸில் உள்ள பையன்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இரண்டு வருடம் முன்பு போன கணினி ஆபரேட்டரின் ஈமெயில் இன்னும் வேலை செய்யும். யாரையும் குற்றம் சாட்ட இந்தத் தாள் வேண்டாம், நிலைமையை அப்படியே காட்டினால் போதும். எந்த ஃபயர்வால் அறிக்கையும் செய்யாததை இந்தச் சிவப்பு வரிகள் செய்யும்.

பிறகு ஒரே ஒரு பணப் பாதையை ரூபாயில் நடத்திக் காட்டுங்கள். ஒரு லாரிக்கு 100 பேல், பேலுக்கு 170 கிலோ என்றால் 17,000 கிலோ பஞ்சு. 356 கிலோ கொண்ட கண்டி 55,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லோடு ஒன்று 26 லட்சம் ரூபாயைத் தாண்டும். பஞ்சு வியாபாரியின் ஈமெயில் கடவுச்சொல் திருட்டுப் போயிருக்கிறது. திருடியவன் வாரக்கணக்கில் கடிதங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறான். உண்மையான இன்வாய்ஸ் வந்த மறுநாள், அதே முகவரியிலிருந்து “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதிய எண்ணுக்கு அனுப்பவும்” என்று கடிதம் வருகிறது. லோடு நம்பர் சரி, தொகை சரி, எழுத்து நடைகூடச் சரி. நம் பக்கம் எந்த வைரஸும் நுழையவில்லை. மேக்கரும் செக்கரும் ஒரே ஆள் என்றால் அந்த 26 லட்சத்துக்கும் மோசடிக்கும் இடையில் தடை எதுவும் இல்லை. கணக்கு எண் மாறினால், ஏற்கெனவே நம் பதிவேட்டில் உள்ள பழைய எண்ணுக்கு நாமே போன் செய்து கேட்ட பிறகுதான் மாற்ற வேண்டும் என்ற ஒரு விதி அதைத் தடுத்திருக்கும். வீடியோ அழைப்பில் முகம் பார்த்தோமே என்பதும் இனி போதாது. 2024-இல் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், மேலதிகாரிகளின் போலி முகங்கள் நிறைந்த வீடியோ கூட்டத்தை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். நாம் கூப்பிட்ட எண்ணில் நமக்குக் கிடைக்கும் பதில்தான் நம்பத்தக்கது.

இந்த இடத்தில் மறுப்புகள் வரும். வரட்டும், அவை நியாயமான கேள்விகள். “நம்ம மில்லை யாருப்பா தேடி வந்து தாக்கப் போறாங்க?” என்பது முதலாவது. பெரும்பாலும் யாரும் தேடி வருவதில்லை என்பது உண்மைதான். எங்கோ கசிந்த கடவுச்சொற்களை மொத்தமாக வாங்கி எல்லா வாசலிலும் போட்டுப் பார்க்கிறார்கள், எது திறக்கிறதோ அங்கே நுழைகிறார்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் எண்ணெய்க் குழாயை நாள்கணக்கில் நிறுத்தி, சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கொடுக்க நேர்ந்தது. தாக்கியவர்கள் நுழைந்தது யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு வழியாக. அதற்குக் கடவுச்சொல் மட்டும் போதுமானதாக இருந்தது, இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. நம் பதிவேட்டில் பழைய ஆபரேட்டரின் ஈமெயில் சிவப்பில் இருக்கக் காரணம் இதுவே.

இரண்டாவது மறுப்பு கனமானது, இதற்கு நேரம் கொடுத்துப் பதில் சொல்லுங்கள். “இருபது வருஷமா நம்மகிட்ட இருக்கிறவரு. தனித்தனி லாகின், ரெண்டு பேர் ஒப்புதல்னு ஆரம்பிச்சா அவரைச் சந்தேகப்படுற மாதிரி ஆகாதா?” உறவின் மீதே தொழில் நடக்கும் ஊரில் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் எதிர்ப்பக்கம் யோசியுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் எப்போது நடந்தது என்ற தடம் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் முடியக் கூடாது. நான்கு பேர் ஒரே அட்மின் பெயரில் டேலி பார்த்தால் தடத்தில் அட்மின் என்று மட்டும்தான் இருக்கும். பணம் காணாமல் போன நாளில் போலீஸ் கேட்கும் முதல் ஆள் அந்த இருபது வருட அக்கவுன்டன்ட். தான் செய்யவில்லை என்று நிரூபிக்க அவரிடம் ஒரு தாளும் இருக்காது. மற்றவரின் கடவுச்சொல்லையோ மின் கையெழுத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்தச் சந்தேகத்தின் நிழலில் விசுவாசமான மனிதரை நிறுத்தி வைப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் அநியாயம். தனிப் பெயர் அவருக்குக் கவசம். இதை அவர் இருக்கும்போதே சொல்லுங்கள்.

வேலை தாமதமாகும் என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டும், எம்.டி. ஊரில் இல்லை. அதற்கு வழி ஓடிபியைப் போனில் சொல்வதாக இருக்கக் கூடாது. மாற்று ஒப்புதலாளர் ஒருவரைத் தீர்மானத்தில் பெயரிட்டு, அவருக்குச் சொந்த லாகினும் தொகை வரம்பும் கொடுக்கலாம். சிறு தொகைக்கு ஒருவர், பெரிய தொகைக்கு இருவர் என்பது காசோலைக் காலத்து வழக்கம்தான். இதெல்லாம் ஐடி ஆளின் வேலை என்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது: 2014-இன் கம்பெனி விதிகள் மின்னணுப் பதிவேடுகளின் பராமரிப்பையும் பாதுகாப்பையும் எம்.டி., கம்பெனி செகரட்டரி, அல்லது போர்டு தீர்மானிக்கும் இயக்குநர், அதிகாரி மீது வைக்கின்றன. தவிர, எம்.டி.யிடம் போய் “உங்கள் டோக்கனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் இடத்தில் எந்த ஐடி ஊழியரும் இல்லை. போர்டுதான் சொல்ல முடியும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் முடிவுகளைக் கேட்டு வாங்குங்கள். ஈமெயிலுக்கும் வெளியிலிருந்து உள்ளே வரும் எல்லா வழிக்கும் கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பு. எஸ்எம்எஸ் ஓடிபியை விட ஆப் நல்லது, அட்மின்களுக்குச் செக்யூரிட்டி கீ அதைவிட நல்லது. மேக்கரும் செக்கரும் வேறு ஆள், வேறு கணினி, வேறு போன். டோக்கன் அதன் உரியவரிடம். வேலையை விடுபவரின் கணக்குகள் எல்லாம் அவருக்குச் செட்டில்மென்ட் கொடுக்கும் நாளிலேயே மூடப்பட வேண்டும், ஐடி கையெழுத்து இல்லாமல் செட்டில்மென்ட் இல்லை. சர்வீஸ் ஆளுக்கு உள்ளே வர வேண்டிய நேரத்தில் மட்டும் வழி திறக்க வேண்டும். அசம்பாவிதம் நடந்தால் யார் பேசுவது என்பதும் அன்றே முடிவாகட்டும். பணம் போனது தெரிந்த நிமிடமே வங்கிக்கும் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொன்னால்தான் அதை இடையில் நிறுத்த வாய்ப்பு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட ஆணைப்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கி விவரம், விடுதிப் பதிவு எல்லாம் மில்லிடம் இருக்கின்றன என்பதையும் நினைவூட்டுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அவற்றில் டிஜிட்டல் வடிவில் இருப்பதைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அந்தத் தொழிலாளர்கள் நம்பிக் கொடுத்த விவரம் அது என்பது அபராதத்தை விடப் பெரிய காரணம்.

இத்தனைக்கும் ஆகும் செலவு குறைவு. ஆனால் ஒருமுறை தீர்மானம் போட்டு அதோடு விட்டுவிட்டால் மூன்றே மாதத்தில் டோக்கன் மறுபடி டிராயருக்கு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்திலும் மூன்று எண்களை மட்டும் போர்டு கேட்க வேண்டும்: உரியவர் இல்லாத கணக்குகள் எத்தனை, கடைசியாக விலகியவரின் கணக்கை மூட எத்தனை நாள் ஆனது, பெயரும் கையும் ஒத்துப்போகாத வரிகள் எத்தனை. இரண்டாவது காலாண்டில் இந்த எண்கள் சரியாகப் பூஜ்யம் என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். ஓர் இயக்குநர் எழுந்துபோய் அக்கவுன்ட்ஸ் டிராயரைத் திறந்து பார்த்துவிட்டு வரட்டும், பார்த்ததை மினிட்ஸில் எழுதட்டும்.